நாகரிகத்தை இழந்தவர் யார்?

மேனாட்டு நாவல்களைப் பற்றி எழுதுவோரிடையே ஒரு வாய்பாடு நெடுநாளாக வழங்கி வருகின்றது. மனித உள்ளத்தின் அடியில் விலங்கொன்று உறங்குகின்றது. நாகரிகம் என்பது அதன்மேல் போர்த்த மெல்லிய போர்வை. போர்வை நழுவியதும் விலங்கு விழித்துக்கொள்ளும். பேரிலக்கியங்கள் உணர்த்துவது இவ்வுண்மையையே என்பது அவ்வாய்பாடு. அதற்குச் சான்றாகத் தவறாது காட்டப்படும் நூல்கள் இரண்டு. ஒன்று வில்லியம் கோல்டிங் 1954ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ஈக்களின் தலைவன்’; மற்றது ஜோசப் கொன்ராட் 1899ஆம் ஆண்டு எழுதி வெளியிட்ட ‘இருளின் இதயம்’. மேல் வகுப்பு மாணவரும் இவற்றின் சாரம் என இவ்வாய்பாட்டையே ஒப்புவிக்கின்றனர். ஒப்புவித்தவனுக்குப் புள்ளி வழங்கிய பழி நமக்கும் உண்டு.

இதனை மறுப்பதற்காக மனிதன் பிறவியிலேயே நல்லவன் என்று நாம் வாதிக்கப் போவதில்லை. முற்போக்கு அணியைச் சார்ந்த விமர்சகர் சிலர் அவ்வாறு வாதித்ததுண்டு. சமுதாயம் திருந்தினால் தீமை தானே மறையும் என்று கூறி, இத்தகைய நூல்களை நம்பிக்கை வறட்சி என ஒரு சொல்லால் ஒதுக்கிவிட்டனர். எட்டாம் வகுப்பில் ஒரு தவணை நின்று பார்த்த எந்த ஆசிரியனும் அவர்களோடு உடன்பட மாட்டான். திக்குவாயுள்ள பையனைச் சூழ்ந்து நின்று பத்துப் பேர் சிரிக்கும்போது அப்பத்துப் பேரின் முகத்தில் தெரிவது வெறும் சமுதாய அமைப்பன்று. ஆயினும் நமது வினா வேறு. இந்நூல்களில் தீமை எங்கிருந்து வருகின்றது? யாருடைய கட்டளையின்பேரில், என்ன கருவியோடு, எந்த உடை தரித்து வருகின்றது? இவ்வினாக்களோடு நூலைத் திறப்போமாயின் வாய்பாடு நெடுநேரம் நின்றுபிடிக்காது.

கோல்டிங் இங்கிலாந்தின் சோல்ஸ்பரி நகரில் ஆண் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொன்ன ஆசிரியர். இரண்டாம் உலக யுத்தத்தில் கடற்படையில் பணியாற்றியவர். 1944இல் நோர்மண்டிக் கரையில் படைகள் இறங்கியபோது அங்கிருந்தவர். மனிதன் தன் இயல்பாகவே தீமையைப் பிறப்பிக்கின்றான் என்ற முடிவுக்கு யுத்தமே தம்மைக் கொணர்ந்தது எனப் பிற்காலத்தில் அவரே எழுதினார். அவர் எதிர்த்து எழுந்தது ஒரு பழைய பொய்யை. 1857இல் பலன்ரைன் என்பார் எழுதிய ‘பவளத்தீவு’ என்னும் சிறுவர் நாவலில் ஆங்கிலச் சிறுவர் மூவர் ஆளில்லாத் தீவொன்றில் ஒதுங்குகின்றனர். அவர்கள் எவ்விதக் குறையுமின்றி நல்லவர்களாகவே வாழ்கின்றனர். தீமை முழுவதும் கொள்ளைக்காரரிடத்தும் தென்கடல் தீவுவாசிகளிடத்துமே குடிகொண்டிருக்கின்றது. அந்நாவலின் ரால்ஃப், ஜாக் என்னும் பெயர்களையே எடுத்துத் தம் சிறுவருக்குச் சூட்டி, தீமை உங்கள் பிள்ளைகளிடத்தும் உண்டு எனத் தம் நாட்டவருக்குக் கூறினார் கோல்டிங். ஏகாதிபத்தியத்தின் தற்புகழ்ச்சிக்கு விழுந்த நேர்மையான அடி இது. இதற்காக நாம் அவருக்குக் கடமைப்பட்டிருக்கின்றோம்.

ஆனால் ஆசிரியர் தாம் சொன்னதாக எண்ணியதைவிட அவருடைய நூல் அதிகம் சொல்கின்றது. சிறுவர் அத்தீவுக்கு வந்தது எங்ஙனம்? அணுகுண்டு யுத்தமொன்றிலிருந்து அவர்களைப் பாதுகாப்பாக வெளியேற்ற முயன்ற விமானம் தாக்கப்பட்டு விழுந்தமையால் வந்தனர். தீவில் அவர்களை அச்சுறுத்தும் ‘மிருகம்’ எது? வானில் நடந்த போரில் மாண்டு, பரசூட்டோடு மலையுச்சியில் வந்து விழுந்து, காற்று வீசுந்தோறும் எழுந்தமரும் ஒரு படைவீரனின் பிணம். மிருகத்தைத் தேடிச் சென்ற பிள்ளைகள் கண்டது தம் தந்தையரின் யுத்தத்தையே. அதனை அவர்கள் அறிந்திலர். வேட்டைக்காரராகவும் பின்னர் கொலைகாரராகவும் மாறுவோர் யாவர்? கட்டுப்பாடற்றுத் திரிந்த சிறுவரல்லர். கறுப்பு அங்கியும் சிலுவைச் சின்னமும் தரித்து, இரண்டு வரிசையாக அடியெடுத்து வைத்து நடந்துவந்த தேவாலயப் பாடகர் குழுவினர். அத்தீவில் வந்திறங்கிய நாளிலேயே ஒழுங்கும் சீருடையும் கட்டளைக்குக் கீழ்ப்படியும் பயிற்சியும் பெற்றிருந்த கூட்டம் அது ஒன்றே. குழுவின் தலைவன் ஜாக், தான் மாணவத் தலைவன் என்பதையே தலைமைக்குத் தகுதியாக முதலில் காட்டுகின்றான். இவர்கள் இழந்தது நாகரிகத்தை என்று கூறுவோர், பாடசாலையும் தேவாலயமும் பயிற்றியதை இவர்கள் தீவிலும் தொடர்ந்தார்கள் என்பதைக் காணத் தவறுகின்றனர்.

பிக்கி என்னும் சிறுவனின் நிலையோ இன்னும் கூர்ந்து நோக்கற்பாலது. பருத்த உடலும் ஆஸ்துமா நோயும் தடித்த மூக்குக் கண்ணாடியும் உடையவன். தந்தையற்று, மிட்டாய்க்கடை வைத்திருக்கும் மாமியிடம் வளர்ந்தவன். மற்றவரைப்போல உயர்குடி ஆங்கிலம் பேசத் தெரியாதவன். தீவில் சிந்திப்பவன் அவனே. சங்கை ஊதிக் கூட்டங் கூட்டலாம் என்ற யோசனை அவனுடையது; தீ மூட்டும் கண்ணாடி அவனுடையது. பாடசாலையில் தன்னைக் கேலி செய்து அழைத்த பட்டப்பெயரை மட்டும் சொல்லிவிடாதே என முதல் நாளிலேயே ரால்ஃபிடம் இரந்து கேட்கின்றான். ரால்ஃப் சிறிது நேரத்தில் அனைவர் முன்னிலையிலும் அதனைச் சொல்லிவிட, எல்லோரும் சிரிக்கின்றனர். அவனுடைய உண்மைப் பெயரை நூல் முடியும்வரை ஒருவரும் கேட்பதில்லை. கதாநாயகனான ரால்ஃபும் கேட்பதில்லை. பாறை உருண்டு அவன் இறப்பது நூலின் இறுதிப் பகுதியில்; அவனுடைய தாழ்வு நிச்சயிக்கப்பட்டதோ முதல் அத்தியாயத்தில், நாகரிகம் முற்றாக உயிரோடிருந்த வேளையில். பேச்சின் உச்சரிப்பைக் கொண்டு ஒருவனை அளக்கும் வழக்கத்தைச் சிறுவர் காட்டில் கற்கவில்லை. பெயரின்றி மாண்ட இச்சிறுவனைப் பற்றி, விலங்கு விழித்தது என எழுதுவோர் ஏனோ அதிகம் எழுதுவதில்லை.

இங்கு உண்மையில் நிகழ்ந்த ஒரு சம்பவத்தைக் கூறவேண்டும். 1965ஆம் ஆண்டு தென்கடலிலுள்ள தொங்கா நாட்டின் விடுதிப் பாடசாலையொன்றிலிருந்து ஆறு மாணவர் ஒரு மீன்பிடிப் படகை எடுத்துக்கொண்டு ஓடினர். புயலில் அகப்பட்டு, பாயும் சுக்கானும் இழந்து, ‘அற்றா’ என்னும் ஆளில்லாத் தீவில் ஒதுங்கினர். பதினைந்து மாதங்கள் அங்கே வாழ்ந்தனர். தீயை அணையவிடாது காத்தனர். முறைவைத்து வேலை செய்தனர். சண்டை மூண்டால் பிணங்கியவர் இருவரும் விலகிச் சென்று சினம் ஆறியபின் திரும்புவது என வகுத்துக்கொண்டனர். ஒருவன் கால் முறிந்தபோது மற்றவர் அதனைப் பொருத்திக் கட்டினர். எலும்பு செவ்வையாகக் கூடிற்று. 1966 செப்டெம்பரில் பீற்றர் வார்னர் என்னும் அவுஸ்திரேலியர் அவ்வழி வந்து அவர்களை மீட்டார். ஊர் திரும்பியவுடன் படகுச் சொந்தக்காரரின் முறைப்பாட்டின்பேரில் அவர்கள் சிறையில் அடைக்கப்பட்டனர் என்பது கதையின் மற்றொரு பகுதி!

இதனைக் கொண்டு மனிதன் நல்லவன் என நிறுவலாம் எனச் சிலர் மகிழ்கின்றனர். ஆறு தோழர் ஒற்றுமையாக வாழ்ந்தமை உலகத்தின் தீமைக்கு மறுமொழியாகாது. நம்மைத் தடுத்து நிறுத்துவது வேறொரு செய்தி. அத்தீவு ஏன் ஆளில்லாத் தீவாயிற்று? 1863ஆம் ஆண்டு வரை அங்கு மக்கள் வாழ்ந்தனர். அவ்வாண்டு அடிமை பிடிக்க வந்த கப்பலொன்று நூற்றுக்கும் மேற்பட்டோரை வஞ்சகமாக ஏற்றிச் சென்றது. எஞ்சியோரைத் தொங்கா மன்னர் வேறு தீவில் குடியேற்றினார். கைவிடப்பட்ட அவ்வூர்த் தளத்தில் தானே பெருகிக் கிடந்த வாழையும் கிழங்கும் கோழிகளுமே ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் ஆறு சிறுவரைப் பிழைக்க வைத்தன. பலன்ரைன் ‘பவளத்தீவு’ எழுதி ஆறு ஆண்டுகளின் பின் நிகழ்ந்த கொள்ளை இது. ஆளில்லாத் தீவு என நாவலாசிரியர் தேடும் வெறுமைக்கும் சில வேளைகளில் ஒரு வரலாறு உண்டு.

கோல்டிங் கற்பனைத் தீவொன்றைப் படைத்தார். கொன்ராட்டுக்கு அது தேவைப்படவில்லை. 1890ஆம் ஆண்டு அவர் நீராவிப்படகு மாலுமியாகக் கொங்கோ ஆற்றில் சென்று, சில மாதங்களில் உடல் நலிந்து திரும்பினார். அந்நிலப்பரப்பு அப்போது பெல்ஜியம் என்னும் அரசுக்குச் சொந்தமானதன்று; பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோப்போல்ட் என்னும் தனி மனிதருக்குச் சொந்தமானது. 1885 முதல் 1908 வரை அதனைத் தம் உடைமையாக வைத்திருந்த அம்மன்னர் ஒருநாளேனும் அங்கு கால் வைத்ததில்லை. அடிமை வியாபாரத்தை ஒழிப்பதும் நாகரிகத்தைப் பரப்புவதுமே தம் நோக்கமென ஐரோப்பிய அரசுகளுக்கு அவர் உறுதி கூறியிருந்தார். கொன்ராட் சென்றபோது யானைத் தந்தம் முதற்பொருள். 1888இல் டன்லொப் காற்றடைத்த ரயரை உருவாக்கிய பின் இறப்பருக்கு ஏற்பட்ட கிராக்கி கொங்கோவின் காட்டுக் கொடிகளைத் தேடி வந்தது. குறித்த அளவு இறப்பர் கொணராத ஊர்கள் எரிக்கப்பட்டன. செலவழித்த தோட்டாவுக்குக் கணக்குக் காட்டப் படையினர் வெட்டிய கைகளைக் கொண்டுவந்தனர். 1904இல் பிரித்தானியத் தூதரகப் பணியிலிருந்த ரொஜர் கேஸ்மென்ட் வெளியிட்ட அறிக்கை இவற்றை உலகறியச் செய்தது. கொன்ராட் கொங்கோவில் முதன்முதல் சந்தித்தோரில் கேஸ்மென்டும் ஒருவர்.

அக்கொடிகளின் ஆதிக்கத்தைப் பின்னர் முறித்தது தோட்ட இறப்பர். 1876இல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து வந்து நமது ஹெனரத்கொடையில் நடப்பட்ட கன்றுகளின் வழிவந்த மரங்கள் இலங்கையிலும் மலாயாவிலும் பரவின. அவற்றில் பால் வெட்டியோருள் தென்னிந்தியாவிலிருந்து கொணரப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர். கொங்கோவின் கதை நமக்கு முற்றிலும் அந்நியமான கதையன்று.

‘இருளின் இதயத்தில்’ நம் மனத்தை விட்டு அகலாத பாத்திரம், காட்டில் தன்னை இழந்த குர்ட்ஸ் அன்று. கம்பனி நிலையத்தின் கணக்காளனே. விறைப்பான வெண்ணிறக் கழுத்துப்பட்டையும் துலக்கிய சப்பாத்துமாக, வாரிய தலையோடு, கையில் குடையோடு நிற்கின்றான். மூன்றாண்டுகளாக அவன் தோற்றத்தில் ஒரு மடிப்பும் குலையவில்லை. அவனுடைய துணிகளை வெளுக்க ஆபிரிக்கப் பெண்ணொருத்தி பழக்கப்பட்டிருக்கின்றாள். பேரேடுகளில் பிழையொன்றில்லை. அவன் வாசலுக்கு ஐம்பதடி கீழே, மர நிழலில், வேலை வாங்கி முடிந்தபின் கழித்துவிடப்பட்ட கறுப்பர் படுத்துக்கிடந்து சாகின்றனர். அறையினுள் நோயாளி ஒருவன் முனகுவது கணக்கெழுதுவதற்கு இடையூறாக இருக்கின்றது என்பதே அவன் முறைப்பாடு. சரியாகப் பதிவு செய்யவேண்டியிருக்கும்போது இக்காட்டுமிராண்டிகளை வெறுக்கத்தான் நேரிடுகின்றது என்று அமைதியாகச் சொல்கின்றான். இவன் நாகரிகத்தை இழந்தவனல்லன். அதனைக் கஞ்சியிட்டுப் பெட்டி போட்டு வைத்திருப்பவன். குர்ட்ஸ் அனுப்பும் தந்தம் இவனுடைய பேரேட்டில்தான் பதிவாகின்றது.

இதே நூலில் நாகரிகத்தின் தலையாய பண்பு எதுவென நாம் கருதுகின்றோமோ அந்தத் தன்னடக்கத்தைக் காட்டுவோர் யாவர்? நீராவிப்படகில் கூலிக்கமர்ந்த நரமாமிசம் உண்போர். முப்பது பேர் அளவில் இருந்த அவர்களுக்குக் கிழமைக்கு மூன்று பித்தளைக்கம்பித் துண்டுகள் கூலி. அதைக் கொண்டு வழியில் உணவு வாங்கலாம் என்பது கம்பனியின் கணக்கு. ஆனால் வழியில் ஊர்கள் இல்லை, அல்லது படகு அங்கே நிற்பதில்லை. அவர்கள் கொணர்ந்த நீர்யானை இறைச்சியும் நாற்றமெடுத்ததென்று வெள்ளையர் அதில் பெரும்பகுதியை ஆற்றில் வீசிவிட்டனர். படகிலிருந்த வெள்ளையரோ ஐவர் அளவில். பசித்தவர் வலியவர்; எண்ணிக்கையில் பன்மடங்கினர். ஏன் நம்மை உண்ணவில்லை என்று கதை கூறும் மார்லோ வியக்கின்றான்; விடை காணாது மேலே செல்கின்றான். விலங்கு விழித்தெழும் வாய்பாட்டுக்கு இந்த ஒரு பக்கம் போதிய மறுப்பாகும்.

ஆயின் கொன்ராட்டிடம் நமக்கு வழக்கு ஒன்று உண்டு. வியக்கும் மார்லோ அவர்களையே ஏன் கேட்கவில்லை? நூல் முழுவதிலும் ஆபிரிக்கருக்கு வாய்த்த பேச்சு இரண்டொரு சிதைந்த வாக்கியங்களே. மற்றெல்லாம் ஓலம், ஆட்டம், பறையொலி. நைஜீரிய நாவலாசிரியர் சினுவா அச்சிபி 1975இல் அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றில் ஆற்றிய உரையில், ஒரு ஐரோப்பியனின் மனச்சிதைவுக்கு வெறும் பின்திரையாக ஒரு கண்டம் முழுவதும் பயன்படுத்தப்பட்டது எனச் சினந்து கூறி, கொன்ராட்டை இனவெறியர் என்றார். இத்தீர்ப்பு முழுவதையும் நாம் ஏற்கவில்லை. கம்பனியை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய கலைஞனை ஒரு சொல்லால் முடித்துவிட முடியாது. ஆனால் குற்றச்சாட்டு உண்மையானது. பேச்சு மறுக்கப்பட்டவனை இருளாகக் காண்பது எளிது.

தமிழ் கற்ற நமக்கு இவ்விடத்தில் ‘மணிமேகலை’ நினைவுக்கு வருவது இயல்பே. ஆதிரையின் கணவன் சாதுவன் சூதிலும் பரத்தையிடத்தும் பொருளிழந்து, வாணிகஞ் செய்யப் புறப்பட்டு, கலம் கவிழ, நாகர் வாழும் மலையை அடைகின்றான். அவர்கள் ஆடையற்றவர்; மனிதரை உண்பவர். உறங்குபவனை நல்ல உணவெனக் கண்டு எழுப்புகின்றனர். அவன் அவர்கள் மொழியிலேயே பேசத் தொடங்க, அவர்கள் வியந்து விலகித் தம் தலைவனிடம் அழைத்துச் செல்கின்றனர். தலைவனைச் சூழ எலும்பும் கள்ளும் கிடக்கின்றன. ஆயினும் சாத்தனார் அவன் வாயில் ஓலத்தை வைக்கவில்லை, வினாவை வைத்தார். உயிர் உடலை விட்டுப் பிரிந்து வேறோரிடம் புகும் என்கிறாயே, அது எவ்வாறெனச் சொல் என்று கேட்கின்றான்; விடை கேட்டபின், எமக்கு இயன்ற அறம் எது என்று கேட்கின்றான். இது பௌத்தப் பிரசாரம் என்பதும், வந்தவன் போதிப்பவனாகவும் இருந்தவர் கேட்போராகவுமே நிற்கின்றனர் என்பதும் நாம் அறியாததன்று. எனினும், நரமாமிசம் உண்போன் தர்க்கம் செய்யவல்லவன் என அப்புலவர் ஒப்புக்கொண்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய கொன்ராட்டுக்கு அது இயலவில்லை. அவருக்கு முன் அங்கு சென்றவர்களின் கணக்கேடுகளிலும் கூலிப் பட்டியலிலும் அதற்கு இடமிருக்கவில்லை.

குர்ட்ஸ் என்பானின் தாய் பாதி ஆங்கிலேயர், தந்தை பாதி பிரெஞ்சுக்காரர். ஐரோப்பா முழுவதும் சேர்ந்து ஆக்கிய மனிதன் என்கின்றான் மார்லோ. ஓவியமும் இசையும் சொல்வன்மையும் வாய்த்தவன். காட்டுமிராண்டி வழக்கங்களை ஒழிக்கும் சர்வதேச சங்கமொன்றுக்காகப் பதினேழு பக்கத்தில் உயர்ந்த கருத்துக்கள் நிறைந்த அறிக்கை எழுதியவன். அதன் கடைசிப் பக்கத்தின் அடியில், பிற்காலத்தில் நடுங்கும் கையால், அவ்விலங்குகள் அனைத்தையும் ஒழித்துவிடும்படி ஒரு வரி சேர்த்தான். குர்ட்ஸ் இறந்தபின் கம்பனியின் அலுவலர் அவனுடைய ஆவணங்களைக் கேட்டு வருகின்றார். மார்லோ அவ்வறிக்கையை நீட்டுகின்றான், நீட்டுவதற்கு முன் பின்குறிப்பைக் கிழித்து எடுத்துவிடுகின்றான். கிழித்தது அவமானத்தாலா, இரக்கத்தாலா, பழக்கத்தாலா என நூல் சொல்வதில்லை. பதினேழு பக்கங்களும் தூய்மையாகப் பிரசுரத்துக்கெனப் பத்திரிகையாளர் ஒருவரிடம் சென்றுவிட்டன. குர்ட்ஸை மணக்கவிருந்த பெண்ணிடமும் மார்லோ பொய்யே சொல்கின்றான்.

மனித இதயத்தின் இருள் என்று எழுதும் நமது விமர்சகர் செய்வதும் இதுவே. அறிக்கைக்கும் பின்குறிப்புக்கும் இடையேயுள்ள தொடர்பைக் கிழித்துவிட்டு, பின்குறிப்பைக் காட்டின் மேலும் இயற்கையின் மேலும் போட்டுவிடுகின்றனர். பதினேழு பக்கத்தை எழுதியது நாகரிகம், ஒரு வரியை எழுதியது விலங்கு என்று பிரித்துவிடுகின்றனர். எழுதிய கையோ ஒன்று.

நாம் இவ்வளவு வற்புறுத்துவது வெறும் நூல்நயம் கருதியன்று. கோல்டிங் நொபெல் பரிசு பெற்றது 1983ஆம் ஆண்டில். அவ்வாண்டு யூலையில் இந்நாட்டில் நடந்ததை விளக்கவும் இதே வாய்பாடு பயன்பட்டது. மக்கள் மிருகமானார்கள், வெறி தலைக்கேறியது என்றனர். வந்தவர்கள் வீட்டு இலக்கமறிந்து வந்தனர் என்பதும், பலரிடம் வாக்காளர் இடாப்புகள் இருந்தன என்பதும் பதிவாகியுள்ளன. எந்த மிருகமும் இடாப்பைப் பார்த்துத் தெருவுக்குள் நுழைவதில்லை. 1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டபோது ஒலிபெருக்கியில் அறிவித்தல் வந்தது. உடைமைகளைப் பறிக்க முறையாக ஆட்கள் நின்றனர். அதனைச் செய்தோர் நம் மொழி பேசியவர். அங்கும் வெறியைவிட ஒழுங்கே மிகுந்திருந்தது. விலங்கின்மேல் பழியைப் போட்டுவிட்டால் இடாப்பை அச்சிட்டவனும் ஒலிபெருக்கியை அனுப்பியவனும் மீண்டும் தம் மேசைக்குச் செல்லலாம்.

இரு நூல்களும் முடியும் விதத்தை வாசகர் மறுமுறை படித்துப் பார்க்க வேண்டுகின்றோம். எரியும் தீவின் கரையில் ரால்ஃப் அழுகின்றான். அவனை மீட்க வந்த கடற்படை அதிகாரி, வெண்ணிறச் சீருடையில், இடுப்பில் கைத்துப்பாக்கியோடு நிற்கின்றார். ஆங்கிலச் சிறுவர் இதனிலும் நன்றாக நடந்துகொண்டிருக்கலாம் எனக் குறைபடுகின்றார். அழுகையைக் காணச் சங்கடப்பட்டு முகத்தைத் திருப்பி, தூரத்தே நிற்கும் தமது போர்க்கப்பலைப் பார்த்துக்கொண்டிருக்கின்றார். மார்லோ தன் கதையைக் கூறுவதோ தேம்ஸ் ஆற்றில் நங்கூரமிட்ட பாய்ப்படகொன்றில். கேட்டுக்கொண்டிருப்போருள் ஒருவர் கம்பனிகளின் இயக்குநர், ஒருவர் வழக்கறிஞர், ஒருவர் கணக்காளர். கதை முடிகின்றது. சிறிது நேரம் எவரும் அசையவில்லை. பின்னர் இயக்குநர் வாய் திறந்து, வற்றுநீரின் தொடக்கத்தைத் தவறவிட்டுவிட்டோம் என்கின்றார்.